மூன்று காலில் டைகர் எழுந்து நிற்பானா?

கேள்வி: எங்கள் டைகருக்கு 11 வயது. நாட்டு நாய்க் கலப்பு, 27 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன்பு பைக் மோதியதில் வலது முன்னங்காலில் உணர்வு போய்விட்டது. கால் தரையில் இழுபட்டு இழுபட்டுப் புண்ணாகி, 9 நாளுக்கு முன்பு தோளோடு எடுத்துவிட்டார்கள். இரவில் முனகிக்கொண்டே இருக்கிறான். தானாக எழுந்திருப்பதே இல்லை. நானும் கணவரும் தூக்கிக்கொண்டு போய்த்தான் சிறுநீர் கழிக்க விடுகிறோம். தையலுக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கியிருக்கிறது. “வயசான நாயை இப்படிப் படுத்தியிருக்க வேண்டாம்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். தப்பு செய்துவிட்டோமா டாக்டர்? (வாசகி, ஈரோடு)

பதில்: தப்பே இல்லை அம்மா. வண்டி மோதும்போது முன்னங்கால் வெடுக்கென்று இழுபட்டால், அக்குளுக்குப் போகும் நரம்புக் கொத்து தண்டுவடத்தை ஒட்டிப் பிய்ந்துவிடுவது உண்டு. அப்படிப் பிய்ந்தது திரும்ப ஒட்டாது. மரத்துப்போன பாதம் ரோட்டில் தேய்ந்து தேய்ந்து எலும்பு வரை புண்ணாகும். சில நாய்கள் அதைத் தாங்களே கடித்துக் குதறிவிடும். டைகர் அந்தக் காலைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறான். இரண்டு மாதமாக அவன் நடந்ததே மூன்று காலில்தானே? பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

அப்புறம் ஏன் எழவில்லை? முதலில் வலி. ஒரு நோட்டில் இரண்டு நாளைக்கு மாத்திரை கொடுத்த நேரத்தையும் முனகிய நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த வேளைக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் முனகுகிறான் என்றால் மருந்தின் வேகம் தீர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். நோட்டை அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ இடைவெளியையோ அவர் மாற்றுவார். ஒன்றுமே இல்லாதபோது திடீரென்று கத்தி, தோள் பக்கம் திரும்பிப் பார்க்கிறானா என்றும் கவனியுங்கள். அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குக் கபாபென்டின் போன்ற வேறு மருந்து இருக்கிறது. வீட்டில் இருக்கிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை வயிற்றில் ரத்தப்போக்கை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வலி அடங்கியும் எழவில்லையென்றால் தரையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் டைல்ஸ் என்றே நினைக்கிறேன். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் இரண்டின் மேல்தான் இருக்கும். இப்போது அதில் பெரும்பங்கு ஒற்றைக் காலுக்கு வந்துவிட்டது. அந்த ஒரு கால் வழுக்கினால் தாடை தரையில் மோதும். இரண்டு தடவை மோதிய நாய் மூன்றாம் தடவை எழ முயலாது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும், அங்கிருந்து கொல்லைக் கதவுக்கும் பழைய யோகா பாயோ ரப்பர் மிதியடியோ போட்டு ஒரு பாதை அமைத்துவிடுங்கள். கோணிச் சாக்கு வேண்டாம், அதுவே நகர்ந்து சறுக்கும். நகத்தையும், விரல்களுக்கு நடுவில் வளர்ந்த முடியையும் வெட்டிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டை ஒரு முக்காலி மேல் வையுங்கள், குனியும்போதுதான் தடுமாறுவான்.

அடுத்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் தூக்குவது. என்னிடம் வந்த 12 வயது லாப்ரடார் ஒன்று, வீட்டம்மா அறையில் இருக்கும்வரை அசையவே அசையாது. அவர் கடைக்குப் போன நேரத்தில் எழுந்து சமையலறை வரை போய் வந்ததை மகன் பார்த்திருக்கிறான். டைகரைத் தூக்காதீர்கள், தாங்குங்கள். தேங்காய்ப்பூத் துண்டை நீளவாக்கில் மடித்து, இருக்கிற முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரு முனையையும் முதுகுக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள். தையலில் துண்டு உரசக் கூடாது. எழுகிற முயற்சி அவனுடையதாக இருக்கட்டும், விழாமல் பிடிப்பது மட்டும் உங்கள் வேலை. முன்னங்கால் இல்லாத நாய்க்கு மெதுவாக நடப்பதை விடத் தத்தி வேகமாகப் போவது சுலபம், நின்றுகொண்டிருப்பதுதான் கஷ்டம். அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வெளியே கூட்டிப்போனால் போதும். படி ஏறிவிடுவான், இறங்கும்போது துண்டு கட்டாயம் வேண்டும்.

வீக்கத்துக்கு வருகிறேன். மெத்தென்று, சூடில்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் தோலுக்கடியில் தேங்கிய நீர், தானே வற்றும். ஊசியால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். தையல் பிரிக்கப் போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வாடை வந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

நம் ஊரில் தையலுக்குப் பெரிய எதிரி ஈ. முட்டையிட்டுவிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். மஞ்சள்தூள், வேப்பெண்ணெய் எதையும் தடவ வேண்டாம். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். தையல் பிரிக்கும்வரை, அதாவது அறுவை முடிந்து 14 நாள் வரை, இருக்கட்டும். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடுங்கள். வயசான உடம்பு, முழங்கையில் சீக்கிரம் படுக்கைப் புண் வரும்.

புண் ஆறும்வரை முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி தாராளமாகக் கொடுங்கள், வெங்காயம் சேர்க்காதீர்கள். ஆறிய பிறகு சோற்றையும், பாவம் என்று ஊட்டுகிற பிஸ்கட்டையும் குறைக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். 27 கிலோ அவன் உடல்வாகுக்கு அதிகமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு கிலோவும் அந்த ஒற்றை முன்னங்கால் மூட்டில்தான் போய் இறங்கும்.

தையல் பிரிக்கப் போகிற அன்று ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டி வந்தால், 11 வயதுச் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.