17 அமினோ அமிலங்களுக்கு இடம் தெரிவது எப்படி?

கேள்வி: ஆர்.என்.ஏ. இழை முழுவதும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலம் நேர்மின்னூட்டம் கொண்டது. அப்படியிருக்க, ஆர்ஜினைன் மிகுந்த சிறு பெப்டைடு (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி) கண்ட ஆர்.என்.ஏ.விலெல்லாம் ஒட்டாமல், வைரஸ் ஆர்.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தை எப்படிக் கண்டுகொள்கிறது? இதை வைத்து மருந்து செய்ய முடியாதா?
– உயிர்வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: மின்னூட்டம் பெப்டைடை அருகே இழுக்கிறது, எந்த இடம் என்பதை முடிவு செய்வது வடிவம். எச்.ஐ.வி.யின் 'ரெவ்' என்னும் புரதத்தில் 34ஆம் இடம் முதல் 50 வரையுள்ள 17 அமினோ அமிலங்களைத் தனியே எடுத்தாலும், அவை வைரஸ் ஆர்.என்.ஏ.வின் ஆர்.ஆர்.இ. என்னும், ரெவ் பிணையும் பகுதியிலுள்ள 'ஐஐபி' என்னும் இரட்டைச்சுருள் தண்டை இனங்கண்டு பிணைகின்றன. அவற்றுள் 10 ஆர்ஜினைன்கள்.

சாதாரண ஆர்.என்.ஏ. இரட்டைச்சுருளின் இழைகளுக்கிடையே ஓடும் இரு பள்ளங்களுள் 'பெரும்பள்ளம்' எனப்படுவது ஆழமானது, ஆனால் மிகக் குறுகியது. பெப்டைடு தன்னைத் திருகிக்கொண்டு அமைக்கும் ஆல்ஃபா சுருள் அதற்குள் நுழைய இயலாது. ஐஐபி தண்டிலோ, ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களுள் (bases) குவானினுடன் குவானினும், குவானினுடன் அடினினும் வழக்கத்துக்கு மாறாக இணை சேர்ந்துள்ளன. இவை யாவும் பெரிய காரங்கள் என்பதால் இரு முதுகெலும்பு இழைகளும் விலகிப் பள்ளம் அகல்கிறது, அந்த அகலத்தில்தான் பெப்டைடு சுருளாகப் படிந்து அமர்கிறது. உங்கள் ஐயத்துக்கு நேரான விடை, 40ஆம் இடத்திலுள்ள அஸ்பராஜினில் இருக்கிறது. அது மின்னூட்டமே இல்லாத அமினோ அமிலம். ஆயினும் குவானின்–அடினின் இணையோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை அமைப்பது அதுவே. ஆர்ஜினைன்கள் அத்தனையும் அப்படியே இருக்க, இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலும் இடமறியும் திறன் குலைந்துவிடுகிறது.

இவ்வடிவம் முன்கூட்டியே முழுதாக அமைந்திருப்பதில்லை என்பதே எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. தனித்திருக்கும் பெப்டைடு நீரில் நிலையான சுருளாக இருப்பதில்லை; பிணையும்போதுதான் அதுவும் ஆர்.என்.ஏ.வும் ஒன்றையொன்று சீர்படுத்திக்கொள்கின்றன. எல்லாப் பெப்டைடும் சுருளாகத்தான் படியும் என்பதுமில்லை: மாட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸின் 'டாட்' என்னும் புரதத்திலிருந்து எடுத்த பெப்டைடு, சுருளாகாமல் கொண்டை ஊசிபோல் மடிந்து தன் ஆர்.என்.ஏ.வின் பள்ளத்தில் பொருந்துகிறது.

மருந்தைப் பொறுத்தவரை, நியோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி ரெவ் புரதம் பிணைவதைத் தடுக்கும் என்று 1993இலேயே ஆய்வகத்தில் காட்டப்பட்டது. ஆனால் அது பிற ஆர்.என்.ஏ.க்களிலும் ஒட்டுவதோடு, சிறுநீரகத்துக்கும் செவிக்கும் நச்சாகும். பெப்டைடுகளையே மருந்தாகக் கொடுத்தால், புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் அவற்றை விரைவில் துண்டாக்கிவிடும். ஆகவே அவற்றின் முனைகளை இணைத்து வளையமாக்கி, குலையாத பெப்டைடுகளை உருவாக்கும் வழியில் ஆய்வுகள் நடந்துவருகின்றன.