வரவேற்புக்கு மட்டும் பறையா?

கேள்வி: தென் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு கலைவிழாப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வழக்கமாக ஒரு டிவி பிரபலம், ஒரு பட்டிமன்றம், கடைசியில் டிஜே என்று முடிந்துவிடும். இந்த முறை எல்லாத் தரப்புக் கலைஞர்களும் மேடையில் இருக்கட்டும் என்று முதல்வரே சொன்னார். பறைக்குழு, தெருக்கூத்து, பார்வையற்றோர் இன்னிசைக் குழு, ஒரு திருநங்கைப் பேச்சாளர் என்று பட்டியல் போட்டேன். மூத்த பேராசிரியர் ஒருவர், "பறை சாவு மேளம், வேண்டுமானால் வாசலில் வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அக்கவுன்ட்ஸில் மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள். திருநங்கைப் பேச்சாளர் என்ன தலைப்பு என்று கேட்டார், "உங்கள் வாழ்க்கைப் போராட்டம்" என்றேன், அதற்கப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை. என் மாணவி ஒருத்தி, "ஆளுக்கு ஒண்ணுன்னு வரிசையா நிறுத்திக் காட்டப் போறீங்களா மேம்?" என்று கேட்டுவிட்டாள். மொத்த பட்ஜெட் 4 லட்சம். எங்கே தவறு செய்கிறேன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழி, அந்த மாணவியை விழாக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியதை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். பட்டியலில் "பறைக்குழு" என்று இருக்கிறது, எந்தக் குழு என்று இல்லை. "ஒரு திருநங்கைப் பேச்சாளர்" என்று இருக்கிறது, அவர் எதைப் பற்றிப் பேசக் கூடியவர் என்று இல்லை. டிவி பிரபலத்தை அழைத்த ஆண்டுகளில் இப்படியா எழுதினீர்கள்? அவர் பெயரைத்தானே எழுதியிருப்பீர்கள். இவர்களுக்கும் முதலில் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத வேண்டுமென்றால் அவர்கள் நிகழ்ச்சியை ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும், பார்த்தபிறகு இவர் வாசிப்பை என் பிள்ளைகள் கேட்டே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி பறை. இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவுக்கு, பெயர் வேண்டாம், எட்டுப் பேர் கொண்ட பறைக்குழுவை நான்தான் பேசி அனுப்பினேன். காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் கார் வந்தது பதினொன்றே முக்காலுக்கு. அதுவரை வெயிலில் நின்றார்கள். வாசிக்கும் முன் தோலைக் காய்ச்ச வேண்டும், கொஞ்சம் வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி அந்த அனலில் வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினால்தான் தோல் இறுகி ஓசை கணீரென்று எழும். "இங்கே நெருப்பு வைக்கக் கூடாது" என்று செக்யூரிட்டி விரட்டிவிட்டார். தொய்ந்த தோலோடு, கார் நின்ற இடத்திலிருந்து அரங்க வாசல் வரை நான்கே நிமிடம் வாசித்தார்கள். அரங்கத்துக்குள் அவர்களுக்கு நாற்காலி இல்லை. சாப்பாடு எல்லாப் பந்தியும் முடிந்தபிறகு. அந்தக் குழுவின் ஆசான் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை, "அடுத்த தடவை எங்கே நிற்கணும்னு முன்னாடியே கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கேட்காமல் நான் யாரையும் எங்கும் அனுப்புவதில்லை.

அதனால் உங்கள் மூத்த பேராசிரியரின் சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாவு வீட்டில் வாசிக்கிறார்கள் என்பது உண்மைதான். நம் எல்லோர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள்தான் வந்து அடித்தார்கள், அதை ஒரு சாதியின் தலையில் கட்டாயமாகச் சுமத்திவிட்டு வாத்தியத்தைத் தீட்டு என்று ஒதுக்கியது நாம். கொடை என்று தெற்கே சொல்லும் கோயில் விழாவிலும் ஊர்த் திருவிழாவிலும் அதே வாத்தியம் ஒலிக்கத்தான் செய்கிறது. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள், பறை வாசிப்பதற்காகவே. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்து ஆடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. 2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', சபாக்களின் சீசன் நடக்கும் அதே மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டது. நம் கல்லூரி மேடை இதற்கெல்லாம் மேலே போய்விட்டதா என்று கேளுங்கள்.

பறைக்கு மாலை ஆறரை, ஏழு மணி என்று நல்ல நேரம் கொடுங்கள், கூட்டம் நிறைந்திருக்கும்போது. நாற்பது நிமிடமாவது வேண்டும், ஒவ்வோர் அடியாக ஏற்றிக்கொண்டு போக அந்த நேரம் தேவை. இடையில் ஐந்து நிமிடம் ஆசானையே பேசவிடுங்கள். அடிக்குச்சி எது, சுண்டுக்குச்சி எது, இரண்டும் ஏன் வேறு வேறு நீளம் என்று அவர் காட்டினால் உங்கள் மெக்கானிக்கல் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். மேடைக்குப் பின்னால் பறை காய்ச்ச ஓர் இடமும் ஒரு வாளி தண்ணீரும் ஏற்பாடு செய்துவிட்டு, செக்யூரிட்டியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

திருநங்கைப் பேச்சாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஏன் போனை எடுக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் நின்று, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதையும் அடிபட்டதையும் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அவருக்கு இதே அழைப்புதான் வந்திருக்கும். திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் பிறந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பரதம் பயின்று, இறைவனைக் காதலனாக நினைத்து ஆடும் நாயகி பாவத்தில் தனித்துப் பேர் வாங்கியவர், 2019-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரை மேடைக்கு அழைத்து அபிநயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினால் இழப்பு யாருக்கு? உங்கள் பேச்சாளர் என்ன செய்கிறார்? நாடகமா, கவிதையா, குறும்படமா? அதைத் தெரிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "தலைப்பை நீங்களே சொல்லுங்கள், உங்கள் வேலையைப் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறோம்" என்று எழுதுங்கள். சொந்தக் கதையைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். மாணவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் கேள்விகளை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள், உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தங்கும் அறை எங்கே, எந்தக் கழிப்பறை என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்து, வார்டனுக்கும் வாட்ச்மேனுக்கும் தெரியப்படுத்துங்கள், அவர் வந்து நிற்கும்போது அங்கே எந்த விசாரணையும் நடக்கக் கூடாது. அவர் அப்படியும் வர முடியாது என்றால் விட்டுவிடுங்கள். இன்னொரு திருநங்கையைத் தேடி அந்த இடத்தை நிரப்ப வேண்டாம்.

பார்வையற்றோர் இன்னிசைக் குழுவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மேடையைக் காலியாகக் கொடுங்கள், படி எத்தனை, விளிம்பு எங்கே, மைக் எங்கே என்று அவர்கள் நடந்து பழகிக்கொள்ளட்டும். கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர்கள் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும்படி தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தொகுப்பாளர் "பார்வை இல்லாவிட்டாலும்" என்று ஆரம்பிக்கக் கூடாது. கீபோர்டு வாசிப்பவர் பெயர், பாடகர் பெயர், அவ்வளவு போதும்.

தெருக்கூத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. தெருக்கூத்து வட மாவட்டங்களின் கலை. 2025-இல் பத்மஸ்ரீ பெற்ற புரிசை கண்ணப்ப சம்பந்தன் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர். ஒரு முழு ஜமாவையும், அதாவது கூத்துக் குழுவையும், அரிதாரப் பெட்டி, மரக்கட்டை அணிகலன்களோடு அங்கிருந்து உங்கள் ஊருக்கு வரவழைத்தால் வேன் வாடகையே பெரிய செலவு. விடிய விடிய ஆடும் கலையை முக்கால் மணி நேரத்தில் முடிக்கச் சொல்வதும் கொடுமை, அதுவும் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கும்போது. நீங்கள் தெற்கே இருக்கிறீர்கள். வில்லுப்பாட்டு உங்கள் பக்கத்துக் கலை. கணியான் கூத்து உங்கள் பக்கத்துக் கலை. சுடலை மாடன் கொடையில் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்னும் தோல்வாத்தியம் இரண்டு அதிர, பெண் வேடமிட்டவர்கள் ஆடுவதை உங்கள் மாணவர்களில் பலர் சின்ன வயதில் பாட்டி மடியிலிருந்து பார்த்திருப்பார்கள், இப்போது அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். அவர்கள் ஊர்க் கலைஞரே கல்லூரி மேடையில் ஏறினால் அந்தப் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒன்று மட்டும், சில பாடல்களும் சடங்குகளும் கோயிலில்தான் செய்வோம் என்பார்கள். மேடைக்கு எது சரி என்று அண்ணாவியே முடிவு செய்யட்டும்.

பணத்துக்கு வருவோம். மூன்று கொட்டேஷன் நாற்காலிக்கும் பந்தலுக்கும் சரி. மூன்று பறைக்குழுவில் எது மலிவு என்று பார்ப்பது எப்படிச் சரியாகும்? இந்தக் கலைஞர் இன்னார், இவரைத்தான் வேண்டுகிறோம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி முதல்வரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். ஆளுக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை பேர், வேன், சாப்பாடு, தங்குமிடம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். "மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க" என்றால் வேன் வாடகை போக மிஞ்சுவதைத்தான் அவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஏஜென்ட் மூலம் பேசினால் கலைஞர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். பாதியை முன்பணமாகவும் மீதியை அன்றிரவு அவர்கள் வேன் ஏறுவதற்கு முன்பும் கொடுத்துவிடுங்கள், பில் பாஸாக நாற்பது நாள் ஆகும் என்ற கதை வேண்டாம், அதில் ஒருவர் மறுநாள் கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார். ஜிஎஸ்டி பில் கேட்டு அக்கவுன்ட்ஸ் மடக்கினால், நாட்டுப்புறக் கலையோ செவ்வியல் கலையோ நிகழ்த்தும் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு என்று எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, 4 லட்சத்தில் டிவி பிரபலத்துக்கு இரண்டரை ஒதுக்கிவிட்டு மீதியை இந்த நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுக்கும் யோசனை குழுவில் கட்டாயம் வரும். இந்த ஆண்டு பிரபலம் வேண்டாம் என்று நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். நிகழ்ச்சிகளையும் நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் தாராளமாக நேரம் கொடுங்கள்.

ஆட்களைத் தேட, கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையத்தில் விசாரியுங்கள். மாவட்டக் கலை மன்றம் கொடுக்கும் கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளை வாங்கியவர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களும் இருக்கிறார்கள். அதைவிட நல்ல வழி, விடுதிப் பிள்ளைகளிடம் "உங்க ஊர்க் கொடையில யார் வாசிப்பாங்க?" என்று கேட்பது.

விழா எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. பங்குனி தொட்டு ஆடி வரை என்றால் கொடைக் காலம், நல்ல குழுக்களின் தேதி எல்லாம் முன்பே போயிருக்கும், இந்த வாரமே பேசுங்கள். போனில் பேசிவிட்டு அப்படியே விட்டுவிடாமல், அந்த மாணவியையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை வைத்து அழைத்துவிட்டு வாருங்கள்.