மலைத்தோட்டத்துக்கு எந்த வாக்கி டாக்கி? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மாறாமலையில் ஒரு கிராம்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பறிப்புக் காலத்தில் ஆட்கள் சரிவு நெடுகப் பிரிந்து நிற்பார்கள். பாதி இடங்களில் செல்போன் எடுப்பதில்லை. யானை இறங்கினாலும், யாராவது ஏணியிலிருந்து விழுந்தாலும் ஒருவர் ஓடிவந்து சொன்னால்தான் தெரிகிறது. நாகர்கோவிலில் ஒரு கடையில் 5 வாட் வாக்கி டாக்கியைக் காட்டி, "10 கிலோமீட்டர் எடுக்கும்" என்றார்கள். வாங்கலாமா?
– வாசகர், தடிக்காரன்கோணம்

பதில்: அந்த செட்டை வாங்காதீர்கள். கடையில் கிடைக்கும் கையடக்க வாக்கி டாக்கிகளில், உரிமம் எடுக்காமல் பயன்படுத்தத்தக்கவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குபவை. 2018-இல் வந்த விதிகள் இதற்கு உரிம விலக்கு அளித்தன. அந்த வகை செட்டுகளின் திறன் அரை வாட். உங்களுக்குக் காட்டப்பட்ட 5 வாட் செட் அந்த வரம்புக்குள் வராது. அப்படிப்பட்ட செட்டுகள் பலவற்றில் அலைவரிசையை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளவும் முடியும். யாரோ ஒருவர் தெரியாமல் பட்டனைத் திருப்பினால் காவல்துறை, வனத்துறை பேசிக்கொள்ளும் அலைவரிசையில் போய் விழலாம். ஆபத்து நேரத்தில் உங்களுக்கு உதவிக்கு வர வேண்டியவர்களின் பேச்சையே நாம் குறுக்கிட்டுக் கெடுத்துவிடக் கூடாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் 10 கிலோமீட்டர் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஒருவர் மருந்துவாழ்மலை உச்சியிலும் இன்னொருவர் கடற்கரையிலும் நின்று பேசினால், இடையில் தடை ஏதும் இல்லாததால் சிறிய செட்டில்கூடச் சில கிலோமீட்டர் தூரம் தெளிவாகக் கேட்கும். பெட்டியில் அச்சிடப்படுவது அந்த மாதிரித் தூரம்தான். மரக்கூட்டத்துக்குள் கதை வேறு. இலையும் கிளையும் ஈரமும் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டே இருக்கும். மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் இன்னும் மோசம். இடையில் ஒரு மலைமடிப்பு வந்துவிட்டால் சில நூறு மீட்டரிலேயே பேச்சு அறுந்துபோகலாம். வாட்டைக் கூட்டினாலும் பெரிய பயன் இல்லை. வெட்டவெளியில் திறனை 4 மடங்காக்கினால் தூரம் 2 மடங்காகும். அடர்ந்த மரங்களுக்கிடையே அதே 4 மடங்கு திறனுக்குக் கிடைக்கும் கூடுதல் தூரம் மிகச் சொற்பம்.

தூரத்தைக் கூட்ட உங்களிடம் உள்ள நல்ல வழி உயரம். தோட்டத்தில் இரு பக்கச் சரிவும் தெரிகிற பாறையோ மேடோ கண்டிப்பாக ஒன்று இருக்கும். பறிப்பு நடக்கும் நாளில் அங்கே ஒருவரை ஒரு செட்டுடன் நிறுத்துங்கள். கீழ்ச்சரிவில் இருப்பவர் சொல்வதை அவர் கேட்டு, மேல்சரிவுக்குத் திருப்பிச் சொல்வார். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு செட்டின் விலையும் ஓர் ஆளின் கூலியும் ஆகும். ஆனால் 5 வாட் செட்டால் செய்ய முடியாததை இது செய்துவிடும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களில் கறாராக இருங்கள். மற்றவை விற்பனைக்கான அலங்காரம்.

முதலாவது சான்று. உரிமம் தேவையில்லாத செட்டுக்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் இ.டி.ஏ. என்ற உபகரண ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதன் நகலைக் கேளுங்கள். செட்டில் ஒட்டியிருக்கும் வில்லையில் உள்ள மாடல் எண்ணையும் சான்றில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "எல்லாரும் வாங்குகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது தண்ணீர். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 4 என்றால் சாரலையும் தெறிக்கும் நீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஓடையைக் கடந்து போகிற ஆட்களுக்கு 7 இருப்பதே நல்லது. எண்ணை நம்பி நின்றுவிடாமல் சார்ஜ் ஏற்றும் துளையை மூடியிருக்கும் சிறிய ரப்பர் மூடியை விரலால் திறந்து மூடிப் பாருங்கள். அது பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். விட்டவுடன் நுனி எழும்பி நிற்கிறதென்றால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். தோட்டத்து செட்டுகள் சாகிற இடம் பெரும்பாலும் அந்த மூடிதான்.

மூன்றாவது பேட்டரி. கழற்றி மாற்ற முடிகிற பேட்டரியாக இருக்கட்டும். சாதாரண பென்சில் பேட்டரி போட்டும் இயங்குகிற மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. மின்சாரம் போய்ப்போய் வருகிற குடியிருப்புகளில் அதுதான் கைகொடுக்கும். ஜீப்பிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ சார்ஜ் ஏற்ற முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ரகசியக் குறியீடு 121' என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பார்கள். அது ரகசியம் காப்பதில்லை. அதே சேனலில் வேறு குறியீட்டுடன் பேசுபவர்களின் குரல் உங்கள் செட்டில் கேட்காமல் தடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை மற்றவர்கள் கேட்கவே செய்வார்கள். ஒரே தோட்டத்து செட்டுகளில் ஒன்றில் மட்டும் குறியீடு மாறியிருந்தால் அவர் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கவே மாட்டார். ஆகவே எல்லா செட்டிலும் குறியீட்டை அணைத்துவிடுங்கள்.

முதலில் இரண்டு செட் மட்டும் வாங்கி, மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் தோட்டத்தில் நடந்து பாருங்கள். எந்த மரத்தடியில் குரல் அறுகிறது, எந்தப் பாறையில் திரும்ப எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்தியானால் மீதியை அதே மாடலில் வாங்குங்கள்.

பேசும் பழக்கத்தையும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பட்டனை அழுத்திய கையோடு பேசினால் முதல் சொல் விழுந்துவிடும். "இடப்பக்கம் வராதே" என்பது அடுத்த முனையில் "வராதே" என்று மட்டும் கேட்கும். யானை நிற்கும்போது இந்த ஒரு சொல்லின் இழப்பு சிறியதல்ல. அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும். செட்டை இடுப்பில் செருகியபடி பேசாமல் கையில் எடுத்து, ஆன்டெனா வானம் பார்க்க, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்கட்டும். இடுப்பில் இருக்கும்போது நம் உடம்பே அலையின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது.

தோட்டம் மிகப் பெரிதென்றால் தோட்ட நிர்வாகமே தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் முறைப்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் அங்கே காட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர். விடுமுறைக்கு வரும்போது தான் பயன்படுத்திய ரேடியோ செட் ஒரு ஜோடியை எனக்குப் பரிசாகத் தந்தார். தரமான பொருள். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பயன்படுத்தலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பொருள் தரமாகவே இருக்கலாம். ஆனால் அது அந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் எஃப்.ஆர்.எஸ்., ஜி.எம்.ஆர்.எஸ். என்ற இரண்டு வகைகளும் 462 முதல் 467 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. முதல் வகைக்கு அங்கே உரிமம் வேண்டாம், இரண்டாவதற்கு அங்கேயே உரிமம் வேண்டும். இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு விலக்கு இல்லை. இங்கே விற்கும் 446 செட்டுடன் அது பேசவும் பேசாது. மைத்துனர் மனம் நோகாமல், திரும்பிப் போகும்போது அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வேட்டைக்காரர்கள் சிலர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளையும் வைத்திருப்பார்கள். அதை மட்டும் தயவுசெய்து யாரும் கொண்டுவர வேண்டாம். அனுமதியில்லாமல் அத்தகைய கருவியுடன் நம் விமான நிலையங்களில் இறங்கிய வெளிநாட்டினர் கைதாகியிருக்கிறார்கள்.

கேள்வி: பேச்சிப்பாறை பக்கம் வாழையும் மரச்சீனியும் வைத்திருக்கிறோம். காட்டுப்பன்றி எல்லாவற்றையும் கிளறிப் போடுகிறது. இளைஞர்கள் சேர்ந்து இரவில் சுற்றி வளைத்துப் பிடிக்கலாம் என்று நினைக்கிறோம். அதற்கு எந்த ரேடியோ நல்லது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஒரு இரவில் ஒரு வருட உழைப்பு போவதைப் பார்த்தவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் இதற்கு நான் செட் சொல்ல மாட்டேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பதும், வளைத்து விரட்டிப் பிடிப்பதும் வேட்டைதான். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டி, ஆயுதம், கருவி எல்லாம் பறிமுதலாகும். கன்னியாகுமரி வன உயிரின சரணாலயத்தை ஒட்டி இருக்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தது உண்மை. அது வன எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே, அதுவும் வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

காவலுக்கு செட் வாங்குங்கள், அது நல்ல காரியம். பரணில் இருப்பவர் பக்கத்துத் தோட்டத்துக்காரரை எழுப்பவும், எந்தப் பக்கம் யானை இறங்குகிறது என்று சொல்லவும் உரிமம் தேவையில்லாத செட் போதும். முதல் கேள்விக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். வனச்சரக அலுவலகத்தில், இந்த மாதிரி செட் வைத்துக் காவல் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். சேதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீன்பிடிப் படகில் இருந்த வி.எச்.எஃப். செட் வீட்டில் சும்மா கிடக்கிறது. கடலில் வெகுதூரம் எடுத்தது. மலையில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், தூத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். அது கடலுக்காக ஒதுக்கிய அலைவரிசை. அதன் 16-ஆம் சேனல் ஆபத்துக் காலத்தில் உதவி கேட்பதற்கென்றே உள்ளது. 2017 ஒக்கிப் புயலைக் கண்ட உங்கள் ஊருக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து யாராவது அதில் பேசிக்கொண்டிருந்தால் கடலில் தவிப்பவரின் குரல் அமுங்கிப்போகும். படகுக்கே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: 'இந்தியா முழுவதும் எடுக்கும், உரிமம் தேவையில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் 4 வாக்கி டாக்கி வாங்கினேன். கோதையாறு போனதும் ஒன்றுமே எடுக்கவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: செட்டைத் திறந்து பாருங்கள், உள்ளே சிம் கார்டு இருக்கும். அது செல்போன் கோபுரத்தின் வழியாகப் பேசுகிற கருவி. நகரத்தில் இந்தியா முழுவதும் எடுக்கும், கோபுரம் இல்லாத காட்டில் அது வெறும் பெட்டி. செட்டில் பழுது இல்லை என்று விற்றவர் வாதிடலாம். ஆனால் சிம் கார்டும் சிக்னலும் வேண்டும் என்பதை விளம்பரத்தில் தெளிவாகச் சொல்லாமல் விற்றிருந்தால், அது தவறான விளம்பரம் என்று நீங்கள் வாதாட இடம் இருக்கிறது.

விளம்பரப் பக்கத்தை அது மாறுவதற்குள் படமெடுத்து வையுங்கள். பில், கோதையாற்றில் எடுத்த வீடியோ, அவர்கள் மறுத்த செய்தி எல்லாவற்றையும் சேருங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசையையும் ஒப்புதல் சான்றையும் பக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் வாங்கிய பக்கத்தில் அவை இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். 4 செட்டுக்கும் சேர்த்து ஒரே புகாராகப் பதிந்தால் போதும்.