கணக்குக் கொப்பி

அன்புள்ள அன்ரி,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கொஞ்சக் காலமாக என் மனம் அடைந்துபோன களஞ்சிய அறையைப் போலக் கிடக்கிறது. செய்ய வேண்டியவை, செய்யத் தவறியவை, யாரோ எப்போதோ சொன்னவை, 2022க்குப் பிறகு தீராத கடன் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. எங்கள் சபையில் 21 நாள் பயிற்சி ஒன்று நடத்தினார்கள். எதிர்மறையான சொல் ஒன்றும் வாயிலிருந்து வரக்கூடாது. காலையில் கண்ணாடி முன் நின்று “நான் ஆசீர்வதிக்கப்பட்டவள்” என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். தேவையற்ற சாமான்களை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும். வீடு ஒதுங்கினால் மனமும் ஒதுங்கும் என்றார்கள். எல்லாவற்றையும் செய்தேன். ஏழு மூட்டை சாமான்களைக் கொடுத்துவிட்டேன். அலுமாரியின் மேல்தட்டில் அப்பாவின் சாம்பல் மட்டும் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. “அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவனும் இருக்கிறான்” என்ற நீதிமொழிகள் 23:7ஐ எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்துவிடுகிறேன். எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன. கனடாவில் இருக்கும் அக்கா “நேர்மறையாக யோசி” என்கிறாள். போதகர் விசுவாசம் போதாது என்கிறார்.

விசுவாசத்தோடு நேர்மறைச் சிந்தனையைச் சரியாகப் பழகுவது எப்படி? மூச்சுப் பயிற்சி, தியானமெல்லாம் கிறிஸ்தவர்கள் செய்யலாமா? செய்தி பார்ப்பதை நிறுத்திவிடலாமா? வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு நல்லதா, புதியதா?

என் பெயரைப் போட வேண்டாம்.

•

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்திலும் அப்பாவைப் பற்றி வந்தவை, சாம்பலைப் பற்றிய அந்த ஒரு வரியும் பின்குறிப்பில் மூன்று சிறு வரிகளும் மட்டுமே. பிறகு அவற்றுக்கு வருகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். ஆதாமின் நாசியில் ஆண்டவர் ஊதிய சுவாசம் அது. அதை நிதானமாக இழுத்து விடுவதால் ஒருவருடைய விசுவாசமும் கெட்டுப்போகாது. செய்தியை ஒரு நாளைக்கு ஒரு தடவை பாருங்கள், படுக்கையில் பார்க்காதீர்கள். மொழிபெயர்ப்பு எதுவானாலும் சரி, முழு அதிகாரத்தையும் வாசித்தால். வாசிக்கவில்லை என்பதற்கு உங்கள் கண்ணாடியே சாட்சி. அதில்தான் எனக்குக் கோபம், உங்கள்மேல் கொஞ்சம், அதை உங்களுக்குக் கொடுத்தவர்கள்மேல் நிறைய.

நீதிமொழிகள் 23:7க்கு முந்திய வரி என்ன தெரியுமா? “வன்கண்ணனுடைய ஆகாரத்தைப் புசியாதே, அவனுடைய ருசியுள்ள பதார்த்தங்களை இச்சியாதே.” பிந்திய வரி? “புசியும், பானம்பண்ணும் என்று அவன் உன்னோடே சொன்னாலும், அவன் இருதயம் உன்னோடே இராது.” நடுவில் இருக்கும் துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். நினைத்தால் நினைத்தபடி ஆகிவிடலாம் என்று அந்த வசனம் எங்கும் சொல்லவில்லை. அது ஒரு கஞ்சனைப் பற்றியது. விருந்துக்குக் கூப்பிடுகிறான். நீங்கள் இரண்டாம் தடவை கறி போட்டுக்கொள்ளும்போது முகத்தில் சிரிப்பும் மனதில் விலையுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறான். எபிரேயத்தில் அங்கே வரும் வினைச்சொல்லை மனதுக்குள் கணக்குப் போடுவதாகவே சில மொழிபெயர்ப்பாளர்கள் எடுக்கிறார்கள். வாய் “சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்” என்கிறது. உள்ளே கவளத்துக்குக் கவளம் தொகை ஏறுகிறது. அந்த வாயை நம்பாதே, உள்ளே இருப்பவன்தான் அவன் என்று ஞானி எச்சரிக்கிறார்.

இந்த வசனத்தை மேடையில் வைத்து “நீ வெற்றியாளன் என்று நினை, வெற்றியாளன் ஆவாய்” என்று முழங்குவதை எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன். ஒரு தடவைகூட முந்திய வரியை யாரும் வாசித்ததில்லை. வாசித்தால் பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது உங்கள் கண்ணாடிக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள், பிள்ளை. வாய் பத்துத் தடவை “ஆசீர்வதிக்கப்பட்டவள்” என்கிறது. இருதயம் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சொல் ஓரிடத்திலும் இருதயம் ஓரிடத்திலும் இருக்கிறவனிடம் சாப்பிடாதே என்று சொல்லும் வசனத்தையே ஒட்டிவைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் நின்று சொல்லையும் இருதயத்தையும் பிரிக்கப் பழகுகிறீர்கள். அதுவும் தினமும் காலையில், வேலைக்குப் போகும் அவசரத்தில். அந்தக் காகிதத்தை இன்றைக்கே கிழித்துப்போடுங்கள்.

நேர்மறைச் சிந்தனை என்று நம்முடைய சபைகளில் பேசப்படுவதில் பெரும்பங்கு, மெதடிஸ்த குடும்பத்தில் வளர்ந்து, நியூயோர்க்கில் அரை நூற்றாண்டு ஒரே சபையில் போதகராக இருந்த நோர்மன் வின்சென்ற் பீல் 1952இல் வெளியிட்ட புத்தகத்தின் எதிரொலி. அவர் காலத்தில் தன்னம்பிக்கை ஒடிந்து வந்த பலருக்கு அது கைகொடுத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை இதனோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று அவர் கொடுக்கும் வரிசையில் முதலில் நிற்பது “உண்மையுள்ளவைகளெவைகளோ” என்பது. இன்பமானவை என்று அவர் தொடங்கவில்லை. விலங்கு போட்ட கையோடு எழுதியவர் அவர். சிறையில் இருப்பதை அந்தக் கடிதத்தில் மறைக்கவும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம் என் மேசையில் ஒரு பழைய கொப்பி கிடந்தது. வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் இருந்து விழுந்தது. அம்மாவுடையது. அதனால்தான் எத்தனையோ கடிதங்கள் காத்திருக்க உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

1974. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியுமான வீடு. அப்பா புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கப்பிள்ளை. கூப்பன் காலம், விடியும் முன்பே பாணுக்கு வரிசையில் நிற்போம். இரவில் எங்களைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, அம்மா அரிசிப் பெட்டியின்மேல் கொப்பியை விரிப்பார். சுட்டுவிரலை வரிக்குக் கீழே வைத்து, சந்தையில் விலை கேட்கும் குரலில் வாசிப்பார். “பாண்கடை, பதினொரு ரூபா நாற்பது சதம். வாடகை, இரண்டு மாதம். பெரியவனுக்குச் சப்பாத்து. சின்னவளுக்கு இருமல், ஒன்பதாவது நாள். கல்யாண வீட்டில் மச்சாள் சொன்ன சொல்.” ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டு வானொலி கேட்கும். இதைத் தாரும், அதைத் தாரும் என்று ஒன்றையும் கேட்க மாட்டார். முடிந்ததும் “இவ்வளவுதான் ஆண்டவரே” என்று கொப்பியை மூடிவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். படுத்த உடனே தூங்கிவிடுவார். அதுதான் அம்மாவின் ஜெபம். நாங்கள் போய்வந்த புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயத்தில் யாரும் அவருக்கு அப்படி ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அப்பாவின் தொழிலைப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டது.

அந்த வருடம் ஒரு புதிய ஜெபக் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப்போனார்கள். கூட்டத்தை நடத்தியவர் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு, “குறையை வாயால் சொன்னால் குறைதான் பெருகும், நிறைவை அறிக்கையிடு” என்று எல்லோருக்கும் முன்னால் கண்டித்தார். அம்மா கொப்பியை மூடிவிட்டார். “எங்களுக்கு ஒரு குறையும் இல்லை” என்று சொல்லப் பழகினார். அடுத்த மூன்று மாதம் அவர் தூங்கவில்லை. நடுச்சாமத்தில் விழித்தால் குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கழுவிய பானையை மறுபடி கழுவிக்கொண்டிருப்பார். கை தோலெல்லாம் உரிந்துபோயிருந்தது.

அப்பா அதிகம் பேசாதவர். ஒருநாள் இரவு அவரே கொப்பியைத் தேடியெடுத்து அரிசிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கடையில் பேரேடு வாசிக்கும் குரலில் பழைய வரிகளை வாசித்தார். வாசித்து முடித்து, பேனையைத் திறந்து, “இந்த மூன்று மாதத்தில் விட்டுப்போனதைச் சொல்லு” என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அப்பா எழுதினார். பாண்கடை, பத்தொன்பது ரூபா. சின்னவளின் தோடு, அடகு. கடைசியில் அம்மா “கலைந்துபோன பிள்ளை” என்றார். அப்பாவின் பேனை நின்றது. எனக்கு அப்போது பதினொரு வயது. பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அப்படி ஒன்று நடந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துப் பேனை எழுதும் சத்தம் கேட்டது.

அந்த வரி இப்போது என் முன்னால் இருக்கிறது. அப்பாவின் சாய்ந்த கணக்கு எழுத்து. எதிரே தொகை எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை.

அன்றிரவு அம்மா அழுதார். அதற்குப் பிறகு தூங்கினார். கடன் ஒரு சதம்கூடக் குறைந்திருக்கவில்லை. “எல்லாவற்றையுங்குறித்து” தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பவுல் எழுதியதை வாசிக்கும் போதெல்லாம், எனக்கு அந்த அரிசிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். எல்லாவற்றையும் என்றால் தோட்டையும் மச்சாளின் சொல்லையும் பிறக்காத பிள்ளையையும்தான்.

இப்போது உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். “அப்பா 2020 டிசம்பரில் கொரோனாவில் போனார். அப்பம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று எப்போதும் சொல்வார். எரித்துவிட்டார்கள்.” அந்த மாதங்களில் கொரோனாவில் இறந்தவர்களுக்குத் தகனம் மட்டுமே என்று அரசாங்கம் வைத்திருந்தது, 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். இரண்டு மாதம். அந்த இரண்டு மாத வித்தியாசத்தை ஐந்து வருடமாகத் தலைக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், வேறு ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால். விடியப்புறம் மூன்று மணிக்கு வருவது கடனும் அல்ல, களஞ்சிய அறையும் அல்ல. இதைக் குப்பை என்று எடைபோட்டு அகற்றச் சொன்னவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களையும் ஒன்று கேட்கிறேன். ஏழு மூட்டை கட்டினீர்களே, எட்டாவதாக எதைக் கட்டத் துணியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது? பிறகு ஏன் நான்கு பக்கம் களஞ்சிய அறையைப் பற்றி எழுதினீர்கள்?

போதகர் விசுவாசம் போதாது என்றாராம். சங்கீதம் 88ஐ அவர் வாசிக்கட்டும். நண்பர்களும் இல்லை, இருள்தான் மிச்சம் என்று அந்தப் பாட்டு முடிந்துவிடுகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் இப்படி விழிக்கிறீர்கள் என்றால் வைத்தியரைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டுப் படுத்த எலியாவுக்குத் தூதன் புத்திமதி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் தமிழிலும் பேசுவார்கள். அந்த நிறுவனம் இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே கொழும்பில் வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த வெட்கக்கேட்டுக்காக நீங்கள் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டாம்.

சாம்பலுக்கு ஒரு வழி இருக்கிறது. அப்பம்மாவின் கல்லறை இருக்கும் பொறளை கனத்தை மயானம் கொழும்பு மாநகர சபையின் கீழ் இருக்கிறது. அப்பம்மாவின் கல்லறைப் பத்திரத்தைத் தேடியெடுத்துக்கொண்டு அங்குள்ள அலுவலகத்துக்குப் போய், அப்பாவின் சாம்பலை அதே கல்லறையில் வைக்க அனுமதி கேளுங்கள். உங்கள் போதகர் வரத் தயங்கினால் எங்கள் சபை ஐயரிடம் நான் பேசுகிறேன். அடக்க ஆராதனையில் “மண்ணுக்கு மண்ணாகவும் சாம்பலுக்குச் சாம்பலாகவும்” என்று நாம் எப்போதும் சொல்லித்தானே வருகிறோம். ஐந்து வருடம் பிந்திவிட்டது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள். அக்காவுக்கும் சொல்லுங்கள், அவளும் அங்கே தனியாக இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது நிற்கட்டும்.

அந்த நாளில் நானும் வருகிறேன். கனத்தைக்குப் பக்கத்துப் பூக்கடைகளுக்கு முன்னால் நிற்பேன். புதிய கொப்பி ஒன்று கொண்டுவருவேன். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்குப் பத்தி போடச் சொல்லித்தரத் தேவையில்லை.

கடிதத்தில் எங்கும் அப்பாவின் பெயர் இல்லை. அடுத்த மடலில் அதை எழுதுங்கள்.