சோராவும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம், முதலில் டயர்

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன், வண்டியில் ஷிமானோவின் கிளாரிஸ் கியர் செட், அதற்கு அடுத்த படியான சோராவுக்குப் போகலாமா, லேசான சக்கரம் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இப்போது வேண்டாம்.

சோராவில் பின்னால் எட்டு பல்சக்கரம் ஒன்பதாகும், அவ்வளவுதான். அதற்கு ஷிஃப்டர் (கியர் மாற்றும் பிடி), கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), செயின் மூன்றுமே மாற்ற வேண்டும். நீங்கள் போகிற வழியில் பாலம் தவிர ஏற்றமே கிடையாதே! லேசான சக்கரமும் இந்தச் சமதளத்தில் காசுக்குக் கேடு.

டயரைப் பாருங்கள். அகலம் 25 மி.மீ. என்றால் 28க்கு மாறுங்கள், பஞ்சர் தடுக்கும் பட்டை உள்ளதாக. கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலை அது. கண்ணாடித் தூளும் கம்பித் துணுக்கும் ஓரத்தில்தான் ஒதுங்கும், நாமும் அங்கேதான் ஓட்டுகிறோம். வாங்குமுன் பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 28 சுற்ற இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரேக் கட்டை. கழற்றிப் பார்த்தால் கறுப்பு ரப்பரில் அலுமினியப் பொடி மினுங்கும். ரிம்மைச் சுரண்டுவது அதுதான். ஊசியால் நெம்பி எடுங்கள், கட்டை இறுகிப்போயிருந்தால் நல்லதாக வாங்கிப் போடுங்கள்.

அப்புறம் செயின். காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் புதுச் செயின். எட்டில் ஒரு பங்கு என்றால் கேசட்டும் தேய்ந்திருக்கும்.

உங்கள் எடையைச் சொல்லுங்கள், 28க்கு எவ்வளவு காற்று என்று சொல்கிறேன்.