முதலைக்கு எத்தனை அறை?

கேள்வி: என் மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். முதலையின் இதயத்துக்கு நான்கு அறை என்கிறது பாடநூல். பயிற்சி மையம் கொடுத்த தாளிலோ, ‘முதலையிலும் ரத்தம் கலப்பதால் மூன்றறை’ என்று இருக்கிறது. எதை எழுதச் சொல்வது?

பதில்: நான்குதான் அம்மா. அந்தத் தாளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள்.

தவளைக்கு மேலே ரத்தத்தை வாங்கும் அறைகளான ஆரிக்கிள் இரண்டு, கீழே ரத்தத்தை வெளியே தள்ளும் அறையான வெண்ட்ரிக்கிள் ஒன்றே. நுரையீரலிலிருந்து வரும் ரத்தமும் உடம்பைச் சுற்றி வரும் ரத்தமும் அந்த ஓர் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆனாலும் முழுக்கக் கலந்துவிடுவதில்லை; வெளியேறும் குழாய்க்குள் இருக்கும் சுருள் வால்வு ஓரளவு பிரித்து அனுப்புகிறது. பல்லி, பாம்பு, ஆமைக்கு வெண்ட்ரிக்கிளின் நடுவே அரைகுறையாக ஒரு சுவர். தேர்வுக்கு அதுவும் மூன்றறைதான். ‘மூன்றரை அறை’ என்று சொல்லிக்கொடுக்கிறவர்களும் உண்டு, விடைக்கு வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில் அரை வட்டம் கிடையாது.

முதலைக்கு வருவோம். இரண்டு வெண்ட்ரிக்கிள், நடுவே முழுச் சுவர், அதில் ஓட்டை இல்லை. ரத்தம் கலப்பது இதயத்துக்கு வெளியே. நமக்கு வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனி மட்டும் கிளம்பும். முதலைக்கு, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனி இரண்டு; அதில் இடது மகாதமனியும் அங்கிருந்தே கிளம்புகிறது. இடது, வலது மகாதமனிகளின் அடியில் இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு துளை. இத்தாலிய உடற்கூறியலர் பானிசா 1833இல் விவரித்ததால் அது பானிசா துளை. முதலை நீரில் மூழ்கிக் கிடக்கும்போது நுரையீரலுக்குப் போகும் வழி சுருங்கி, வலப்பக்க ரத்தம் இடது மகாதமனி வழியே உடம்புக்கே திரும்பலாம். மூச்சு விடாத நேரத்தில் நுரையீரலுக்கு எதற்கு அவ்வளவு ரத்தம்? தெருவில் இரண்டு குழாயை இணைத்துவிட்டால் வீட்டுக்குள் ஓர் அறை குறைந்துவிடுமா? அந்தத் தாளை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழியும். ஆக, அவர் பிழைக்கு உங்கள் மகள் தருவது 5. அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பே தப்பு என்று தோன்றினாலும், கேள்விக்கு இவ்வளவு என்று பிள்ளைதான் காசு கட்டி ஆட்சேபிக்க வேண்டுமாம். நல்ல ஏற்பாடு! இதற்கிடையில் ‘வரப்போகும் கேள்விகள் எங்களிடம் இருக்கின்றன’ என்று வாட்ஸ்அப்பில் தரகர்கள் வேறு. முன்பணம் என்று ஆரம்பித்தாலே எண்ணை முடக்கிவிடுங்கள்.

என்.சி.இ.ஆர்.டி. 11ஆம் வகுப்பு நூலில், ரத்த ஓட்டப் பாடத்தில், ‘முதலை நீங்கலாக ஊர்வனவற்றுக்கு மூன்றறை’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. மகளையே தேடி அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.