டிடிஎல் 60 நொடிதான், டாம்கேட் ஏன் பழைய ஐபியை விடமாட்டேன் என்கிறது?

கேள்வி: எங்கள் அப்ளிகேஷன் டாம்கேட்டில் (ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்) ஓடுகிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அண்மையில் டேட்டாபேஸைப் புது மெஷினுக்கு மாற்றினோம். டிஎன்எஸ் பதிவில் டிடிஎல், அதாவது பதிலைச் சேமித்து வைக்கலாம் என்ற கெடு, 60 நொடி. டாம்கேட் ஓடும் மெஷினிலேயே டிக் கட்டளை கொடுத்துப் பார்த்தேன், புது ஐபி வந்தது. ஆனால் டாம்கேட் மணிக்கணக்காகப் பழைய டேட்டாபேஸில்தான் எழுதிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. ஐபி மாறும்போதெல்லாம் ரீஸ்டார்ட்தான் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த ரீஸ்டார்ட்டால் ஒரு நஷ்டமும் உண்டு. பழைய ஐபி ஒட்டிக்கொண்டிருக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன: பெயருக்கான ஐபியை ஜாவா சேமித்து வைக்கும் கேஷ், திறந்த டேட்டாபேஸ் கனெக்ஷன்களை வைத்திருக்கும் கனெக்ஷன் பூல். ரீஸ்டார்ட் இரண்டையும் ஒரே அடியாகத் துடைத்துவிட்டதால், கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விட்டது.

முதலில் டிடிஎல். அந்த 60 நொடி என்பது, பெயருக்கு ஐபி தேடித் தரும் டிஎன்எஸ் ரிசால்வருக்குச் சொல்லப்படும் கணக்கு. அது உங்கள் அப்ளிகேஷன் வரை வந்து சேருவதே இல்லை. பெரும்பாலான மொழிகள் ஒரு பெயருக்கு முகவரி கேட்க இயங்குதளத்தின் கெட்அட்ரின்ஃபோ என்ற ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகின்றன. அது ஐபி முகவரிகளைத் தரும். அவை எத்தனை நொடிக்குச் செல்லுபடியாகும் என்பதைத் தராது. அதனால் பதிலைச் சேமித்து வைக்க நினைக்கும் எந்த மென்பொருளும் தானாக ஒரு கெடு வைத்துக்கொள்கிறது. டிக் சரியான ஐபி காட்டியும் டாம்கேட் அசையாததில் முரண்பாடு ஏதுமில்லை. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலைக்கூடப் பார்க்காது. அப்ளிகேஷன் போகும் வழியைப் பார்க்க 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஜாவாவின் வாசல் வரைதான் காட்டும்.

ஜாவா வைக்கும் கெடு, சாதாரணமாக 30 நொடி. கிடைக்காத பெயருக்கு, அதாவது தோல்விக்கு, 10 நொடி. செக்யூரிட்டி மேனேஜர் (கோடு எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஜாவாவின் காவல்) போட்டு ஓட்டினால் மட்டும் கெடுவே கிடையாது. ஒருமுறை கேட்ட முகவரி ப்ராசஸ் சாகும் வரை நிற்கும். இது ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் பிரவுசரில் ஓடிய சிறு ஜாவா நிரல்) காலத்துப் பயம். 1996-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், டிஎன்எஸ் பதிலை மாற்றி மாற்றிக் கொடுத்தே ஓர் ஆப்லெட்டை அது தொடக்கூடாத மெஷினோடு பேசவைக்க முடியும் என்று காட்டினார்கள். அந்த ஓட்டையை அடைக்க முகவரியை நிரந்தரமாகப் பிடித்துவைத்தார்கள். ஆப்லெட் போய்விட்டது, பழக்கம் மட்டும் வெகுகாலம் நின்றது. ஜாவா 24-இல்தான் செக்யூரிட்டி மேனேஜர் அடியோடு முடக்கப்பட்டது.

ஆக, நீங்கள் டாம்கேட்டை செக்யூரிட்டி ஆப்ஷனோடு தொடங்கவில்லை என்றால், ஜாவாவின் பெயர் கேஷ் மணிக்கணக்காக ஏமாற்றியிருக்க வாய்ப்பில்லை. என் சந்தேகம் கனெக்ஷன் பூல் மேல்தான்.

டிஎன்எஸ் என்பது கனெக்ஷன் தொடங்கும்போது ஒருமுறை கேட்கும் கேள்வி. தொடங்கிய பிறகு டிசிபிக்குப் பெயரே தெரியாது, ஐபி மட்டும்தான். பூலின் வேலையோ திறந்த கனெக்ஷனை மூடாமல் வைத்திருப்பது. டாம்கேட்டோடு வரும் டிபிசிபி பூலில் கனெக்ஷனுக்கு ஆயுள் வரம்பு இயல்பாகக் கிடையாது. ஹிகாரி என்ற வேறு பூல் என்றால் 30 நிமிடம். பழைய போஸ்ட்கிரெஸை நீங்கள் நிறுத்தாமல் விட்டிருந்தால், அந்தக் கனெக்ஷன்கள் அறுந்துபோகக் காரணமே இல்லை. யாரும் அறுக்கவில்லை, அதனால் யாரும் மறுபடி பெயர் கேட்கவில்லை.

அடுத்த முறை ரீஸ்டார்ட்டில் கை வைப்பதற்கு முன், டாம்கேட் மெஷினில் 'எஸ்எஸ்' கட்டளையால் போஸ்ட்கிரெஸ் போர்ட்டுக்குப் போகும் கனெக்ஷன்களைப் பாருங்கள். எல்லாம் பழைய ஐபிக்குத்தான் போகும். சரி, இப்போது பழைய டேட்டாபேஸை நிறுத்துங்கள். பூல் செத்த கனெக்ஷன்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் திறக்கும். அவை புது ஐபிக்குப் போனால் பூல்தான் காரணம். ஒரு நிமிடம் கழிந்தும் பழைய ஐபியையே தட்டிக்கொண்டிருந்தால் ஜாவாவின் கேஷ்.

பூல் என்றால் மருந்து எளிது: கனெக்ஷனின் அதிகபட்ச ஆயுளை ஐந்து, பத்து நிமிடமாக வையுங்கள். ஜாவா கேஷ் என்றால் 'நெட்வொர்க்அட்ரஸ் டாட் கேஷ் டாட் டிடிஎல்' என்ற அமைப்பை மாற்ற வேண்டும். இதில் விழாதவர் குறைவு: இது சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இல்லை, செக்யூரிட்டி ப்ராப்பர்ட்டி. தொடக்கக் கட்டளையில் மைனஸ் டி போட்டுக் கொடுத்தால் ஜாவா சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். பிழைச் செய்தியும் வராது. ஜாவா டாட் செக்யூரிட்டி ஃபைலில் எழுதுங்கள். ஜாவா 9 முதல் அது நிறுவிய இடத்தில் கான்ஃப் ஃபோல்டருக்குள், செக்யூரிட்டியில் இருக்கும். கோடில் வைப்பதானால், முதல் பெயரைத் தேடுவதற்கு முன்பே வைத்தாக வேண்டும், அப்புறம் வைத்தால் பயனில்லை. மதிப்பைப் பூஜ்ஜியமாக்க வேண்டாம். எந்த கேஷும் இல்லாமல் ஓடினால் ரிசால்வர் ஒரு நொடி தடுமாறினாலும் அப்ளிகேஷனும் சேர்ந்து தடுமாறும்.

ஜாவாவை விட்டு நோடுக்கு (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) மாறும் எண்ணமிருந்தால் அங்கே நிலைமை தலைகீழ். அது பெயரைச் சேமிப்பதே இல்லை. ஒவ்வொரு தேடலும் வழக்கமாக நாலே த்ரெட் உள்ள ஒரு பூலில் வரிசையில் நிற்கும். ஃபைல் வேலைகளும் அதே வரிசையில்தான்.

என்ஜின்எக்ஸ் உங்கள் டேட்டாபேஸ் விஷயத்தில் நிரபராதி. ஆனால் டாம்கேட்டை வேறு மெஷினுக்கு மாற்றும் நாளில் அது மாட்டும். கோரிக்கைகளை டாம்கேட்டுக்கு அனுப்பும் ப்ராக்ஸி பாஸ் வரியில் நேரடியாக எழுதிய பெயரை அது தொடங்கும்போதோ ரீலோடு செய்யும்போதோ மட்டும்தான் கேட்கும், இடையில் கேட்காது. ஐபி மாறினால் ரீலோடு போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை. தானாக மாற வேண்டுமானால் ரிசால்வர் வரியைச் சேர்த்துப் பெயரை ஒரு வேரியபிள் வழியாகக் கொடுங்கள். அப்போது என்ஜின்எக்ஸே டிஎன்எஸ் சர்வரோடு பேசுவதால் டிடிஎல்லையும் மதிக்கும். 1.27.3 முதல் இலவசப் பதிப்பிலேயே அப்ஸ்ட்ரீம் சர்வர் வரியில் ரிசால்வ் என்று எழுதலாம். முன்பு அது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் மட்டுமே இருந்தது.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். மாற்றிய நேரத்துக்கும் ரீஸ்டார்ட் செய்த நேரத்துக்கும் நடுவே பழைய டேட்டாபேஸில் விழுந்த வரிகளைத் தேடி எடுங்கள். அவை புது மெஷினில் இருக்காது.